சுழலும் கொடி

அடிலெய்டில் நாங்கள் முதலில் வாடகைக்கு எடுத்த வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு எலுமிச்சை மரமும், துணி கிழிந்துபோன ராட்சதக் குடை மாதிரி ஒரு இரும்புக் கம்பமும் நின்றன. கம்பத்தின் தலையிலிருந்து நான்கு கைகள் நாலா பக்கமும் நீண்டிருந்தன. கைகளுக்கு நடுவே சதுரத்துக்குள் சதுரமாகக் கம்பிகள் ஓடின. வீட்டைக் காட்ட வந்தவர் "ஹில்ஸ் ஹாய்ஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நம் ஊரில் ஒருவர் துளசி மாடத்தைக் காட்டி விளக்குவாரா என்ன?

துணி காயப்போடும் கொடிதான் அது. ஆனால் ஆஸ்திரேலியர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் இளகும். 1950-களிலும் 60-களிலும் கால் ஏக்கர் மனைகளில் வீடு கட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு, கொல்லைப்புறம் என்றாலே புல்தரை, எலுமிச்சை மரம், நடுவில் இந்தக் கம்பம்தான்.

அதற்கு முன்னால் எல்லா ஊரையும் போல அங்கேயும் நீளக் கம்பிதான். வேலியிலிருந்து வேலிக்கு ஒரு கம்பி. ஈரத்துணியைப் போட்டதும் நடுவில் தொய்ந்து போர்வையின் நுனி மண்ணைத் தொடும். கவை உள்ள நீளக் கம்பு ஒன்றை முட்டுக்கொடுத்து நிமிர்த்துவார்கள். அந்தக் கம்புகளைக் காட்டில் வெட்டித் தெருத்தெருவாகக் கூவி விற்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் உண்டு.

இழுத்துக் கட்டினால் தொய்யாதே என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டர் கம்பியின் நடுவில் 10 கிலோ ஈரத்துணி தொங்குகிறது. கம்பி 10 செ.மீ. மட்டும் தொய்யலாம் என்று வைத்துக்கொண்டால், அதன் இழுவிசை 250 கிலோ பாரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அரை மீட்டர் தொய்யலாம் என்று விட்டால் 50 கிலோ போதும். கிட்டத்தட்டக் கிடையாக ஓடும் கம்பியின் இழுப்பில் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகிறது, துணியை மேலே தாங்கும் பங்கு மிகச் சிறியது. வேலிக்கால் பிடுங்கிக்கொண்டு வந்ததும் அதனால்தான். கம்பியைக் குட்டையாக வெட்டி, பல துண்டுகளாக்கி, ஒரே கம்பத்தைச் சுற்றிக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை போய்விடும்.

இந்த யோசனை, கொடிக்குத் தன் பெயரைக் கொடுத்த லான்ஸ் ஹில்லுக்கு முதலில் வந்ததல்ல. விக்டோரியா மாநிலத்து ஜீலாங் ஊரைச் சேர்ந்த கில்பர்ட் டாய்ன் என்ற கொல்லர் முதல் உலகப் போருக்கு முன்பிருந்தே சுழலும் கொடிகளைச் செய்துவந்தார். 1920-களின் நடுவில், கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கும் பல்சக்கர அமைப்புக்கும் காப்புரிமை வாங்கினார். லான்ஸ் ஹில் 1945-ல் அடிலெய்டின் கிளெனங்கா பகுதியில் தன் வீட்டுக் கொல்லையில் கொடி செய்யத் தொடங்கினார். மைத்துனர் ஹரோல்ட் லிங் கூட்டுச் சேர்ந்தார். டாய்னின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, 1947-ல், அதே பல்சக்கர அமைப்போடு அவர்களுடைய கொடி சந்தைக்கு வந்தது. போர் முடிந்து புது வீடுகள் முளைத்த நேரம். விற்பனை எகிறியது, ஹில் பெயரே அந்தப் பொருளின் பெயராக ஒட்டிக்கொண்டது. டாய்னை இன்று அடிலெய்டிலேயே பலருக்குத் தெரியாது.

கம்பத்தின் இடுப்பில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி. அதைச் சுற்றினால் உள்ளே செங்குத்தாக நிற்கும் சிறிய பல்சக்கரம் சுழன்று, கிடையாக இருக்கும் பெரிய பல்சக்கரத்தைத் திருப்பும். சிறியது பலமுறை சுற்றினால்தான் பெரியது ஒருமுறை சுற்றும். கை நிறைய தூரம் போகிறது, பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கிணற்று ராட்டினத்தைவிடச் சுலபம், ஒரு கையாலேயே முடியும். கொடியை இறக்கி, குனியாமல் எம்பாமல் ஒரே இடத்தில் நின்று, கம்பத்தைத் திருப்பித் திருப்பித் துணியைப் போட்டு, பிறகு ஏற்றிவிட வேண்டியது. தரையை ஒட்டி வரும் காற்றைப் புல்லும் வேலியும் தடுத்துவிடும், கொஞ்சம் மேலே போனாலே வேகம் கூடும். ஏற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் கொடியின் ஒவ்வொரு கையும் 2 மீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாமல் நாடாவை வைத்து அளந்தேன். வெளிச்சுற்றின் ஒரு பக்கம் 2.8 மீட்டர் வந்தது. உள்நோக்கி ஆறு சுற்று, கூட்டினால் ஏறக்குறைய 46 மீட்டர் கம்பி. நேராகக் கட்டினால் தெருவைத் தாண்டிப் போயிருக்கும். ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா அந்த நாடாவையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. புடவையை இரண்டாக மடித்து வெளிக்கம்பியில் போட்டார். ஆறு கஜம் என்பது 5.5 மீட்டர், பாதி 2.75. முந்தானை கொடியின் ஒரு கையிலும் மடிப்பு அடுத்த கையிலும் சரியாக முட்டி நின்றது. "என்னடா, நமக்குன்னே அளவெடுத்து வெச்சிருக்கான்" என்றார். பாட்டியின் ஒன்பது கஜம் மடிக்காமலே மூன்று பக்கத்தைச் சுற்றியிருக்கும்.

உள்ளாடைகளை உள்சுற்றில் போட்டு, போர்வையையும் துண்டையும் வெளிச்சுற்றில் போடுவது அங்கே எழுதாத சட்டம். பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். பாவம், காற்று புகாமல் கடைசியாகக் காய்வதும் அந்த உள்சுற்றுத்தான்.

சரி, காய்வது எப்படி?

சலவை இயந்திரத்தில் பிழிந்த பிறகும் ஒரு கூடைத் துணியில் இரண்டரை லிட்டர் தண்ணீர் மிச்சமிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஆகும் வெப்பத்தைவிட, அதை முழுவதும் ஆவியாக்க ஏழு மடங்கு தேவை. இரண்டரை லிட்டருக்கு ஏறக்குறைய 61 லட்சம் ஜூல், மின்சாரக் கணக்கில் ஒன்றே முக்கால் யூனிட். கைப்பிடியைச் சுற்றி 30 கிலோவை அரை மீட்டர் தூக்க நாம் செலவழிப்பது 150 ஜூல்தான். மீதி வேலையெல்லாம் வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன, சம்பளம் கேட்காமல்.

அடிலெய்டில் அந்த வேலை ஏன் அத்தனை வேகமாக நடக்கிறது என்பது சென்னையிலிருந்து வந்தவனுக்கு உடனே உறைக்கும். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 40 கிராம் நீராவி வரை தாங்கும். ஜனவரி மாதத்து வறண்ட மதியம் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், அதில் ஏற்கெனவே இருப்பது 8 கிராம், இடம் இன்னும் 32 கிராமுக்கு இருக்கிறது. சென்னையில் 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் மிச்ச இடம் 10 கிராம்தான். அதே அடிலெய்டில் ஜூலை மாதம் 14 டிகிரிக்கு இறங்கும்போது அது மூன்றரை கிராமாகச் சுருங்கிவிடும். கோடையில் கடைசித் துணியைப் போட்டு முடிப்பதற்குள் முதலில் போட்டது காய்ந்திருக்கும். குளிர்காலத்தில் ஜீன்ஸ் மூன்று நாள் தொங்கும்.

ஆனால் இடம் இருந்தால் மட்டும் போதாது. ஈரத்துணியை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நீராவியை நிரப்பிக்கொண்டு அப்படியே நிற்கும். அது நகராவிட்டால் அடுத்த துளி வெளியேறாது. காற்று அதை உரித்துக்கொண்டே இருக்கிறது. சுழலும் கொடிக்கு இங்கே ஒரு அனுகூலம் உண்டு. பெரிய போர்வை ஒரு பக்கம் தொங்கினால் காற்று அதைத் தள்ளி, கொடியைத் திருப்பி, தனக்கு எதிர்ப்புறத்துக்குக் கொண்டுபோய்விடும். காற்றின் திசை மாறினால் மறுபடி ஒரு திருப்பம். நிழலில் இருந்த சட்டை வெயிலுக்கு வரும், வெயிலில் இருந்தது ஓரமாக ஒதுங்கும்.

ஆவியாகும் நீர் துணியின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போவதால், சுட்டெரிக்கும் வெயிலிலும் ஈரத்துண்டு சில்லென்று இருக்கும். இதையே குளிர்பெட்டியாக்கினார்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கப் பகுதியில். 1890-களில் கூல்கார்டி ஊரில் ஆர்தர் மெக்கார்மிக் செய்த பெட்டி அது. மரச்சட்டம், சுற்றிலும் சாக்குத் துணி, மேலே ஒரு தட்டில் தண்ணீர். தட்டிலிருந்து சாக்கில் நீர் ஊறி இறங்க, காற்று பட, உள்ளே வெண்ணெய் உருகாமல் இருக்கும். நம் மண்பானையின் தத்துவம்தான், பானைக்குப் பதில் சாக்கு. குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகும் உட்புறத்துப் பண்ணைகளில் அது வெகுகாலம் நின்றது.

பழைய ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் வாசனையில்தான் வந்து நிற்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த தலையணை உறையின் வாசனை இருக்கிறதே, அதை எந்த உலர்த்தி இயந்திரமும் தராது என்பார். வெறும் ஏக்கம் என்று நினைத்திருந்தேன். ஆனால் டென்மார்க்கில் சில வேதியியலாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2020-ல் ஆய்வு வெளியானது. வெறும் தூய நீரில் அலசிய பருத்தித் துண்டுகளை இருட்டு அறையிலும், வெளியே நிழலிலும், நேர் வெயிலிலும் காயவைத்து, அவற்றிலிருந்து வரும் ஆவியைப் பகுத்தார்கள். வெயிலில் காய்ந்த துண்டில் மட்டும் சில ஆல்டிஹைடுகளும் கீட்டோன்களும் இருந்தன. பென்டனல் ஏலக்காயில் இருப்பது, ஆக்டனலுக்கு ஆரஞ்சுத் தோலின் நெடி, நோனனலுக்கு ரோஜாவின் சாயல். காற்றிலுள்ள ஓசோனும் சூரிய ஒளியும் ஈரமான இழைகளின் மேல் வேதிவினை புரிவதால் இவை உண்டாகலாம் என்பது அவர்கள் ஊகம். சோப்புக்கும் பூவுக்கும் இதில் பங்கே இல்லை.

அந்த வாசனை பெரியவரை ஏன் ஏழு வயதுக்கு இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கும் உடற்கூறில் காரணம் உண்டு. பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற சந்திப்பு வழியாகத்தான் மேலே போகும். வாசனை மட்டும் அந்த வரிசையில் நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராக நுழைகிறது. பெயர் ஞாபகம் வருவதற்குள் அந்த மதியமே ஞாபகம் வந்துவிடும்.

வெயிலில் காய்ந்த துண்டு அப்பளம் மாதிரி விறைத்துப்போவது அதன் மறுபக்கம். அதுவும் 2020-ல்தான் ஓரளவு விளங்கியது. நன்றாகக் காய்ந்த பருத்தியிலும் இழைகளின் மேல் துளி ஈரம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவே பசைபோல இழையை இழையோடு பிணைக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நாலு உதறு உதறினால் பிணைப்பு விட்டுப்போகும். அம்மா இதை எந்த ஆய்வும் படிக்காமல் செய்துகொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு இது கொடியே இல்லை, ராட்டினம். கொடியின் கையைப் பிடித்துத் தொங்கி, சுவரை உதைத்துச் சுழல்வார்கள். நுனியில் தொங்கும் 25 கிலோ பையன் கை இணையும் இடத்தில் கொடுக்கும் திருப்பம் 490 நியூட்டன் மீட்டர். துணி நான்கு பக்கமும் பரவித் தொங்குவதால் ஒன்றின் திருப்பத்தை எதிர்ப்பக்கம் ஈடுகட்டும், பையனுக்கு எதிர்ப்பக்கம் ஆளில்லை. கம்பம் தாங்கும், கைதான் மெல்ல வளையும். ஒரு பக்கம் தோள் இறங்கிய கொடியைக் கண்டால் அந்த வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்று அர்த்தம். எங்கள் கொடிக்கும் ஒரு கை இறங்கித்தான் இருந்தது.

இதே கம்பம் புயலைத் தாங்கிய கதையும் உண்டு. 1974 கிறிஸ்துமஸ் அன்று டிரேசி புயல் வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தரைமட்டமாக்கியது. விமான நிலையத்துக் காற்றுமானி மணிக்கு 217 கி.மீ. காட்டிவிட்டு உடைந்துபோனது. வீடு போன இடத்தில் கொடி மட்டும் நின்றது என்று சொல்பவர்களை இன்றும் கேட்கலாம். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 கி.மீ. காற்றோடு ஒப்பிட்டால் அது நூறு மடங்குக்கும் மேல். ஆனால் தள்ளுவதற்குப் பரப்பு வேண்டுமே! கூரைக்கு அது இருந்தது. துணியில்லாத கொடியில் காற்றுக்குச் சிக்குவது நாலு குழாயும் கொஞ்சம் கம்பியும்தான், அடியில் பிடித்துக்கொள்ள கான்கிரீட் வேறு.

அந்த கான்கிரீட்டை நான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் மனையை இரண்டாகப் பிரித்து விற்றபோது எலுமிச்சை மரம் முதலில் போனது. மறுநாள் இயந்திரம் கம்பத்தைப் பற்றி இழுத்தது. அடியில் குடத்தின் அளவுக்கு ஒரு கான்கிரீட் உருண்டையோடு, பிடுங்கிய பல் மாதிரி அது வெளியே வந்து சாய்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியைச் சுற்றி வந்து, படுத்துக்கிடந்த கம்பத்தின் பக்கத்தில் குனிந்து கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். கிறீச்சென்ற சத்தத்தோடு பல்சக்கரம் திரும்பியது. இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸை வேலியில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.