டிரஸ்டி: அறங்காவலரா, வாரிய உறுப்பினரா?

ஒரு தேர்தல் ஆண்டின் அக்டோபரில் அப்பா இங்கே வந்திருந்தார். கூப்பர்டினோவில் மாலை நடை போகும்போது, வீட்டு வாசல் புல்தரைகளில் குத்திவைத்திருக்கும் தேர்தல் அட்டைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு வருவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு அட்டையின் முன்னால் நின்றுவிட்டார். மேலே ஒரு பெயர், கீழே ‘கம்யூனிட்டி காலேஜ் டிரஸ்டி’. “என்னடா இது, இங்கே தர்மகர்த்தாவுக்கெல்லாம் ஓட்டுப் போடுவீங்களா?” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. எங்கள் ஊரில் டிரஸ்டி என்றால் கோயில், கல்யாண மண்டபம், அன்னதானம், மிஞ்சிப்போனால் அறக்கட்டளை நடத்தும் ஒரு பள்ளிக்கூடம். திருவிழா நோட்டீஸில் பெயர் போடும் ஆள். அவருக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள்? “காலேஜ் நிர்வாகக் குழு மாதிரிப்பா” என்று சொல்லி அப்போதைக்குச் சமாளித்தேன். அது தப்பு என்று சொல்லும்போதே தெரிந்தது. சரியான சொல் எது என்று யோசிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘டிரஸ்ட்’ வடக்கே இருந்து வந்த சொல். பழைய நார்ஸ் மொழியில் ‘டிராஸ்ட்’ என்றால் நம்பிக்கை, உறுதி, காப்பு. கடைசியில் வரும் ‘ஈ’ பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தின் சட்ட மொழிக்குள் நுழைந்த விகுதி; செயலைச் செய்பவரைச் சுட்டாமல், செயலுக்கு உள்ளாகிறவரைச் சுட்டும். வங்கிப் படிவத்தில் நாம் நிரப்பும் ‘நாமினி’யில் இருப்பதும் அதுதான்: நியமிக்கப்பட்டவர். அந்தக் கணக்கில் டிரஸ்டி என்பவர் நம்பி ஒப்படைக்கப்பட்டவர். சொத்து அவர் கையில் இருக்கும், பெயரும் அவருடையதாக இருக்கும். பலன் மட்டும் வேறொருவருக்கு. இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தை ஒருவர் பெயரில் எழுதிவைத்து, விளைச்சலை இன்னொருவர் அனுபவிக்கும் ஏற்பாடு இருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தச் சட்டக் கருத்து.

இது கல்லூரிக்குள் வந்தது கொடை வழியாக. அமெரிக்காவின் பழைய கல்லூரிகள் பலவும் தனியார் கொடையிலும் அரச சாசனத்திலும் பிறந்தவை. டார்ட்மவுத் கல்லூரிக்கு 1769இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சாசனம் கொடுத்தார். கல்லூரி டிரஸ்டிகள் கையில் இருந்தது. பின்னாளில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அதைத் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்த்தபோது டிரஸ்டிகள் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக டேனியல் வெப்ஸ்டர் வாதாட, 1819இல் உச்ச நீதிமன்றம் டிரஸ்டிகள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அரசு கைவைக்க முடியாதபடி ஒரு கொடையைக் காப்பவர்கள் என்று அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் வந்தது. இந்த இடத்தில் ‘அறங்காவலர்’ அச்சாகப் பொருந்தும். அறம், காவலர் இரண்டும் சேரும்போது மகரம் ஙகரமாகத் திரிந்து அறங்காவலர். நம் மொழியில் அறம் என்றால் நெறியும்தான், கொடையும்தான். ‘அறஞ்செய விரும்பு’ என்று குழந்தைக்குச் சொல்லித்தரும்போது இரண்டும் சேர்ந்தே போகிறது. தர்மகர்த்தா என்ற பழைய வழக்கைவிட இது எவ்வளவோ நல்ல ஆக்கம்.

சரி, கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிக்கு (அப்பா பார்த்த அட்டையில் இருந்த ‘கம்யூனிட்டி காலேஜ்’, பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு நடத்தும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரி) இந்தச் சொல் எப்படி வந்தது? அங்கே கொடையும் இல்லை, சாசனமும் இல்லை. உயர்நிலைப் பள்ளியின் மாடியில் முளைத்த கல்லூரி அது. பள்ளி முடித்தவர்களுக்கு மேற்கொண்டு கல்லூரிப் பாடங்களும் நடத்தலாம் என்று 1907இல் மாநிலம் சட்டம் போட்டது. 1910இல் ஃப்ரெஸ்னோவில் முதலில் நடத்தினார்கள். தனிக் கல்லூரி வட்டாரங்கள் (ஆங்கிலத்தில் ‘டிஸ்ட்ரிக்ட்’) அமைக்க வழிசெய்த சட்டம் 1921இல் வந்தது. பள்ளிகளை நடத்திய உள்ளூர்க் குழுவினரை டிரஸ்டி என்றுதான் அழைத்துவந்தார்கள். கல்லூரி தனிக்குடித்தனம் போனபோது அந்தப் பெயரும் பாத்திரம் பண்டத்தோடு சேர்ந்து போய்விட்டது.

இன்றைய கல்விச் சட்டத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒவ்வொரு சமுதாயக் கல்லூரி வட்டாரமும் டிரஸ்டிகளின் குழு ஒன்றின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று சொல்லிவிட்டு, அந்தக் குழுவை இனி ‘கவர்னிங் போர்டு’ என்று குறிப்பிடுவோம் என்று அதே மூச்சில் சேர்த்துக்கொள்கிறது. சட்டத்துக்கே இரண்டு பெயர் வேண்டியிருக்கிறது! போதாததற்கு, அதே மாநிலத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை ஆள்பவர்கள் ‘ரீஜென்ட்’கள், அதாவது அரசன் பாலகனாக இருக்கும்போது அவன் பெயரால் ஆள்கிறவர்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு டிரஸ்டிகள். சமுதாயக் கல்லூரிகளுக்கு மாநில அளவில் மேலே இருப்பது கவர்னர்களின் போர்டு. அகராதியைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல் ஒட்டினால் பதில் ஆளுநர், அறங்காவலர், ஆளுநர் என்று வரிசையாக நிற்கும். படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தால்தான் சொல் கிடைக்கும்.

கலிஃபோர்னியாவில் இப்படி 73 வட்டாரங்கள், 116 கல்லூரிகள். எங்கள் பக்கத்தில் ஃபுட்ஹில், டி ஆன்சா என்று இரண்டு கல்லூரிகள் ஒரே வட்டாரத்தில் வருகின்றன. அதன் டிரஸ்டிகள் குழுவில், அதாவது வாரியத்தில், ஐந்து பேர். பெரும்பாலான வட்டாரங்களில் ஐந்து அல்லது ஏழு பேர் இருப்பார்கள். மக்கள் ஓட்டுப் போட்டு நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்தப் பேரும் ஒரே நேரத்தில் மாறிவிடாதபடி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதியினருக்குத் தேர்தல். பிற்பாடு ஆளுநரான ஜெர்ரி பிரவுன் முதன்முதலில் ஜெயித்த தேர்தல் இதுதான்: 1969இல் லாஸ் ஏஞ்சலிஸ் சமுதாயக் கல்லூரி வாரியம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போட்டியிட்டார்கள்.

ஒருமுறை இப்படிப்பட்ட கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நிகழ்ச்சி நிரலைக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொதுவில் ஒட்டிவிட வேண்டும்; 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் அப்படிச் சொல்கிறது. (அது சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன், மேலே சொன்ன பிரவுன் வேறு.) முதலில் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பகுதிநேர ஆசிரியர் ஒருவர், மூன்று கல்லூரிகளுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பாடம் நடத்துவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியத்தின் நடுவில் மணி அடித்தது. அவர் மிச்சத்தைச் சொல்லாமல் தாளை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். வாரியத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. அலட்சியம் என்று நினைத்துக் கோபப்பட்டேன். நிரலில் இல்லாத விஷயத்தை வாரியம் விவாதிக்கக் கூடாது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் அடங்கினேன். கூட்டத்துக்கு வெளியிலும் இப்படித்தான். ஐந்து பேர் வாரியத்தில் மூன்று பேர் காபிக் கடையில் சேர்ந்து கல்லூரி விவகாரம் பேசினால், அதுவே அறிவிக்காத கூட்டமாகிவிடும், சட்டமீறல்.

அப்புறம் சில்லறை ஒப்பந்தங்கள், பில்கள், பணி நியமனங்கள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி ஒரே வாக்கில் நிறைவேற்றினார்கள். வாரியத்தில் மாணவர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். அவர் வாக்கை முதலில் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். ஆனால் எண்ணிக்கையில் சேராது. கருத்து வாக்கு மட்டும்.

பெரிய வேலைகள் என்று பார்த்தால் வரவுசெலவுத் திட்டம் முதலில் வரும். தற்காலிகத் திட்டம் ஜூலை 1க்குள், இறுதித் திட்டம் செப்டம்பர் 15க்குள். தகுதிகாண் நிலையில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பதை மார்ச் 15க்குள் தெரிவித்துவிட வேண்டும். கட்டடங்களுக்குக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று மக்களிடம் கேட்பதும் வாரியம்தான். 2000இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 55 சதவீத ஆதரவு போதும். ஃபுட்ஹில்–டி ஆன்சா வட்டார மக்கள் 2020 மார்ச்சில் 89.8 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அடைப்பது அவர்களுடைய சொத்துவரிதான். கட்டணத்தை மட்டும் வாரியம் தொட முடியாது. பாட அலகு ஒன்றுக்கு 46 டாலர் என்பது மாநிலம் வைத்த விலை, 2012 முதல். பாடத்திட்டம் போன்ற விஷயங்களிலும் ஆசிரியப் பேரவையைக் கலந்துகொள்ளாமல் நகர முடியாது. 1988இல் வந்த சட்டம் அந்த இடத்தை ஆசிரியர்களுக்குக் கொடுத்தது.

இத்தனையிலும் வாரியம் நேரடியாக நிர்வாகம் செய்வதில்லை. கொள்கை வகுக்கும், பணம் ஒதுக்கும், ‘சான்சலர்’ ஒருவரை வேலைக்கு அமர்த்திக் கேள்வி கேட்கும். மற்றதெல்லாம் சான்சலரின் பாடு. ஆகவே அப்பாவிடம் நான் சொன்ன ‘நிர்வாகக் குழு’ இருப்பதிலேயே மோசமான சொல். எதைச் செய்யக் கூடாதோ அதையே பெயராக வைக்கிறது. போகிற போக்கில் இன்னொன்று: இந்தச் சான்சலரை ‘வேந்தர்’ என்று எழுதிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் வேந்தர் பட்டமளிப்பு விழாவுக்கு வருபவர். அன்றாடம் வேலை பார்ப்பவர் துணைவேந்தர். இங்கே சான்சலர் சம்பளம் வாங்கும் தலைமை அலுவலர், ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்குப் போகிறவர். ‘வட்டாரத் தலைவர்’ போதும்.

‘ஆட்சிக்குழு’ பலருக்கும் முதலில் தோன்றும் சொல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சிண்டிகேட்டுக்கு அதுதான் தமிழ். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் அதே வேலையைச் செய்யும் அவைக்குப் ‘பேரவை’ என்று பெயர், செனட்டுக்கு ‘மூதவை’ (எனக்கு மிகவும் பிடித்த சொல்). ஆனால் சிண்டிகேட்டுக்குத் தலைமை தாங்குபவர் துணைவேந்தர். இங்கே தலைமை அலுவலர் வாரியத்துக்குக் கீழே. தலையும் காலும் இடம் மாறுகிற சொல்லை எப்படி எடுப்பது?

‘பொறுப்பு’ என்ற வேரிலிருந்து செய்யலாமா என்றும் பார்த்தேன். அதற்கு முன்மாதிரி உண்டு. சென்னையின் போர்ட் டிரஸ்டைத் துறைமுகப் பொறுப்புக் கழகம் என்று எழுதினார்கள். கொடையில் பிறக்காத டிரஸ்டில் அறம் என்ற சொல்லைப் போடக் கூடாது என்று அன்றைக்கு யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த வழியில் போனால் டிரஸ்டி பொறுப்பாளர் ஆவார். டிஸ்ட்ரிக்டை வழக்கம்போல் மாவட்டம் என்று போட்டால் ‘மாவட்டப் பொறுப்பாளர்’. கட்சித் தலைமை அறிக்கை விட்டு நியமிக்கும் ஆள்தான் கண்முன் வருவார்! மாவட்டம் என்ற சொல்லும் இங்கே சரிவராது. நம் மாவட்டத்துக்கு இணையான கவுன்ட்டி இங்கே தனியாக உண்டு; சான்டா கிளாரா என்ற ஒரே கவுன்ட்டிக்குள் நான்கு கல்லூரி வட்டாரங்களுக்குப் பகுதிகள் இருக்கின்றன. கல்லூரிக்காக மட்டும் வரைந்த எல்லைகள் இவை. ‘வட்டாரம்’ நன்றாகவே தாங்குகிறது.

மிஞ்சி நிற்பது ‘வாரியம்’. மின்சார வாரியமும் வீட்டுவசதி வாரியமும் சொல்லிச் சொல்லி அலுவலக வாடை ஏறிவிட்ட சொல்தான். சென்னை நகர மேம்பாட்டு டிரஸ்ட், அதாவது சி.ஐ.டி. நகர் என்ற பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த டிரஸ்ட், 1961இல் வீட்டுவசதி வாரியம் ஆனது. பொது டிரஸ்ட் வாரியமாவது நமக்குப் புதிதில்லை. ஆனால் இந்தச் சொல்லின் வயது ஆயிரத்தைத் தாண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வருகிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்து, குடும்புக்கு ஒருவராகக் குடவோலையில் பெயர் எடுத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக் கூடாது, அவனுடைய உறவினரும் வரக் கூடாது என்று அதில் வெட்டிவைத்திருக்கிறது. வரையறுத்த காலம், பகுதிக்கு ஒருவர், கணக்கு ஒப்புவித்தல்: டிரஸ்டியின் ‘ஈ’யில் ஒளிந்திருக்கும் ‘ஒப்படைக்கப்பட்டவர்’ என்ற பொருள் இதில் வந்துவிடுகிறது. அன்றைக்கு எல்லாருக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை, நிலமும் வீடும் உள்ளவருக்குத்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆக, எழுத்தில் ‘கல்லூரி வட்டார ஆளுகை வாரியம்’. பேச்சில் ‘கல்லூரி வாரியம்’. டிரஸ்டி என்பவர் ‘வாரிய உறுப்பினர்’. மின்னாளுகை வழியாக ஆளுகை என்ற சொல் ஏற்கெனவே பழகிவிட்டது. அறங்காவலரைத் தூக்கி எறிய வேண்டாம். ஃபுட்ஹில்–டி ஆன்சா வட்டாரத்தின் எல்லைக்குள்ளேயே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மகனை இழந்த பெற்றோர் 1885இல் எழுதிவைத்த கொடையில் எழுந்தது. அவர்கள் பெயர் குறித்த 24 பேரில் தொடங்கியது அதன் குழு. அங்கே இருப்பவர்கள் அறங்காவலர்கள். அவர்களுக்கு ஊர் ஓட்டுப் போடுவதில்லை.

கோயிலிலிருந்து ஒரு சொல்லை மட்டும் நான் தயங்காமல் எடுத்துக்கொள்வேன். சான் ஃபிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் அங்கீகாரம் பறிபோகும் நிலை வந்தபோது, 2013 ஜூலையில் மாநில போர்டு அங்கே மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தின் அதிகாரத்தை எடுத்து ஒரே ஆளிடம் கொடுத்தது. வாரியத்தின் கைக்கு அது பிறகு படிப்படியாகத்தான் திரும்பியது. காம்ப்டன் வட்டாரத்திலும் அதற்கு முன்பே இப்படி ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். அந்த ஆளுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பெஷல் டிரஸ்டி’ என்று பெயர். சிறப்பு அறங்காவலர் என்று எழுதினால் ஏதோ கௌரவப் பட்டம் போல இருக்கிறது. அறங்காவலர் குழு இல்லாத கோயிலுக்கு அறநிலையத் துறை ஒருவரை நியமிக்குமே, அவருக்கு நம் ஊரில் ‘தக்கார்’ என்று பெயர். அப்பாவிடம் இதைச் சொன்னபோது எந்த விளக்கமும் கேட்கவில்லை. “ஓ, தக்கார் போட்டுட்டாங்களா,” என்றார்.