"ஒரு சொட்டு ஆயில் மட்டும் போட்டுக் குடுங்கண்ணே"

சாவி கொடுக்கும் வாட்ச் மெதுவாக ஓடினாலே சேலத்தில் பலரும் கேட்பது இதுதான். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள்.

எச்எம்டி ஜனதா வாட்சையே எடுத்துக்கொள்வோம். 17 கல் (செயற்கை ரூபி), மணிக்கு 18,000 துடிப்பு, நாளொன்றுக்கு 4,32,000. இத்தனையையும் தாங்குவது, இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் அச்சின் இரண்டு முனைகள். அவற்றுக்குப் பிவட் என்று பெயர். கனம் தலைமுடி அளவுதான். பழைய ஆயில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். அதன்மேல் புது ஆயில் விட்டால் பசை இளகும், வாட்சும் சில வாரம் ஜோராக ஓடும். ஆனால் இளகிய அழுக்கு உப்புத்தாள் மாதிரி பிவட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பிறகு அச்சையே மாற்ற வேண்டியதுதான், பழைய மாடலுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு.

சர்வீஸ் என்றால் மிஷினை முழுக்கக் கழற்றி, கழுவி, உலர்த்தி, இடத்துக்கு ஏற்ற ஆயில் வைப்பது. ஸ்டெம் (சாவி கொடுக்கும் தண்டு) பக்கம் கிரீஸ், சென்டர் வீலுக்குக் கெட்டி ஆயில், பேலன்ஸுக்கு மெல்லிய ஆயில். பேலன்ஸைத் தள்ளிவிடும் பேலட்டின் அச்சு பிவட்டுக்கு ஆயிலே கூடாது. பேலன்ஸோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் துளி பட்டாலும் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் கண்டபடி வேகமாக ஓடும்.

காந்தம் ஏறினாலும் இதே கோளாறுதான். ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்த மூடி வைத்த பையிலோ வாட்சை வைக்காதீர்கள். காந்தம் ஏறிய வாட்சருகே திசைகாட்டியைப் பிடித்தால் அதன் முள் ஆடும். காந்தம் நீக்கும் டீமேக்னடைசரில் காட்டினால் சில நொடியில் சரியாகிவிடும். இதற்குப் போய் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"கல்" உராய்வைக் குறைக்க வைப்பது. நகை மதிப்பு கிடையாது. சாதாரண மூன்று முள் வாட்சுக்கு 17 கல்லே தாராளம்.

இன்னொன்று, ஏற்காடு போகிறவர்களுக்கு. சேலத்து வெக்கையில் கேஸுக்குள் புகுந்த ஈரக்காற்று, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே குளிர்ந்ததும் கண்ணாடியின் உள்பக்கம் பனிபோல் படியும். கீழே இறங்கியதும் மறைந்துவிடும், ஈரம் மட்டும் உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் கிரௌன் (சாவி கொடுக்கும் திருகு) வாஷர் தேய்ந்திருக்கும், முதலில் துருப்பிடிப்பது ஸ்டெம். வெயிலில் காயவைக்க வேண்டாம், சாவியும் கொடுக்க வேண்டாம். மறுநாளே பின்மூடியைத் திறந்து பார்க்கக் கொடுத்துவிடுங்கள்.