பூவெடுத்த கஞ்சாச் செடி மஞ்சளானால் முதலில் உரப் போத்தலைக் கீழே வையுங்கள்

"தம்பி, இலை எல்லாம் மஞ்சளாப் போகுது. முந்தநாள் உரம் கொஞ்சம் கூட விட்டனான், இண்டைக்கு நுனியும் கருகிக் கிடக்கு. இனி என்ன செய்யிறது?"

ஸ்காபரோவிலிருந்து இப்படி அழைத்த ஐயாவுக்கு எழுபது வயது ஆகப்போகிறது. மூட்டுவாத வலிக்காக, மருத்துவர் எழுதிக் கொடுத்த பத்திரத்தோடு ஹெல்த் கனடாவில் முறையாகப் பதிவு செய்து, வீட்டு பேஸ்மென்றில் நாலடிக்கு நாலடி கூடாரம் ஒன்றில் நாலு செடி வளர்க்கிறார். நான் பயிர் நோய் பார்க்கிறவன். ஒன்ராறியோவின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் என்று பல வருடம் இலையைப் புரட்டிப் பார்த்துத் திரிந்தவன். 2018 ஒக்ரோபர் 17ஆம் தேதி கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு உரிமம் பெற்ற கஞ்சாக் கூடங்களும் என் வேலையில் சேர்ந்துகொண்டன. அதனால் தமிழ் பேசுகிற வீட்டு வளர்ப்பாளர்கள் யாருக்காவது செடி வாடினால் அழைப்பு என்னிடம் வந்துவிடுகிறது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். கனடாவில் பொதுவாக ஒரு வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கலாம், மருத்துவப் பதிவு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கியூபெக்கில் வீட்டில் வளர்க்க முடியாது, அந்தத் தடை செல்லும் என்று 2023இல் கனடா உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி செடியை வளர்த்தாலே பத்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை கிடைக்கலாம். ஆகவே இதை எழுதுவது இங்கே சட்டப்படி வளர்க்கிறவர்களுக்காக, அதிலும் மருந்தாக எடுக்கிறவர்களுக்காக மட்டும்.

ஐயாவிடம் தொலைபேசியில் நான் கேட்டவை நாலே கேள்விகள். மஞ்சள் மேல் இலையிலா, கீழ் இலையிலா? பூக்க விட்டு எத்தனையாவது வாரம்? ஒரு செடியிலா, நாலிலுமா? நுனி கருகியது உரம் கூட்டியதற்கு முன்னாலா, பின்னாலா? படம் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கூடார விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகத்தான் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு, சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா என்றேன். ஆறாவது வாரம், நாலு செடியும், கீழ் இலையும் நடு இலையும், நுனி கருகல் உரத்துக்குப் பின்னால்.

இந்த நாலு கேள்வியிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும். உள்ளே வளர்க்கிற செடிக்கு 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று மாற்றியதும் அது பூக்கத் தொடங்குகிறது, பெரும்பாலான வகைகளுக்கு அறுவடை வரை எட்டிலிருந்து பத்து வாரம். முதல் இரண்டு மூன்று வாரம் மளமளவென்று உயரும், அதற்குப் பிறகு புது இலை போடுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு இருப்பதையெல்லாம் பூவுக்கு அனுப்பும். நைதரசன், பொஸ்பரஸ், பொற்றாசியம், மக்னீசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை, பழைய இலையிலிருந்து உருவி மேலே கொடுக்கும். அதனால் குறை முதலில் கீழ் இலையில் தெரியும். கல்சியம், இரும்பு போன்றவை போய் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது, குறை புது இலையில் தெரியும். கடைசி இரண்டு மூன்று வாரத்தில் கீழ்ப் பெரிய இலைகள் மெதுவாக மஞ்சளாகி உதிர்வது நோயே இல்லை, நெற்பயிர் முற்றும்போது தாள் பழுப்பதைப் போலத்தான். அதைப் பார்த்துப் பதறி நைதரசன் ஊற்றுகிறவர்கள்தான் என்னை அதிகம் அழைக்கிறார்கள்.

ஆனால் ஆறாவது வாரத்தில் நடு இலையும் சேர்ந்து மஞ்சளாவது சற்று முந்தித்தான். நேரில் போனேன்.

செடிகள் நின்றது மண்ணில் இல்லை, தேங்காய்த் தும்புத்தூளில். பையில் இலங்கைத் தயாரிப்பு என்று போட்டிருந்தது. தும்புத்தூளுக்கு ஒரு குணம் உண்டு, தண்ணீரில் வரும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு பொற்றாசியத்தை வெளியே விடும். மண்ணில் வளர்க்கிற கணக்கை அப்படியே அதற்குப் போட்டால் தப்பாகிவிடும். ஐயா ஊற்றும் உரத் தண்ணீரை ஈசி மீற்றரில், அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மீற்றரில் பார்த்தேன், 1.9 காட்டியது. அந்தக் கட்டத்துக்குச் சரியான அளவுதான். தொட்டியின் அடியில் வடிந்த தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தால் 4.2. புளிப்பைக் காட்டும் பிஎச் 5.1, தும்புத்தூளுக்கு 5.8க்கு அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டியது. அதாவது வேரைச் சுற்றி உப்பு கட்டிக் கிடக்கிறது, செடியால் தண்ணீரே குடிக்க முடியவில்லை. சத்து வேண்டிய மட்டும் இருந்தும் பட்டினி. "கொஞ்சம் கொஞ்சமாத்தான் தம்பி ஊத்தினனான், தண்ணி நிலத்தில சிந்தக் கூடாதெண்டு" என்றார் அவர் மனைவி. வடியவே விடாமல் ஊற்றினால் உப்பு போவதற்கு வழியே இல்லை.

செய்தது சின்ன வேலை. வெறும் தண்ணீரால் கழுவினால் தும்புத்தூளில் கல்சியமும் மக்னீசியமும் குலைந்துவிடும், அதனால் பிஎச் சரிபார்த்த மெல்லிய உரத் தண்ணீரையே நிறைய ஊற்றி, வடிகிற தண்ணீரின் ஈசி இரண்டுக்குக் கிட்ட வரும்வரை வடியவிட்டோம். கருகிய நுனி இனிப் பச்சையாகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்த இலையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அடுத்த இலைக்குப் பரவுகிறதா என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிஎச், ஈசி பார்க்கும் இரண்டு மீற்றர்களுக்கும் ஆகும் செலவு பெரும்பாலும் நீங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கிற பூ ஊக்கிப் போத்தல்களின் விலையை விடக் குறைவு. வாங்காமல் ஊற்றாதீர்கள்.

சரி, மஞ்சள் கதை அதோடு முடிந்தது. கிளம்பும்போதுதான் எனக்குப் பயமான விஷயம் கண்ணில் பட்டது.

பின்வரிசைச் செடியின் உச்சிப் பூக்கொத்து, கையளவு பருமன், பார்க்க அழகானது. அதிலிருந்து ஒரே ஒரு சிறிய இலை மட்டும் வெளிறி, காய்ந்து, பளபளப்பில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றியுள்ள இலைகள் எல்லாம் பச்சை. மெல்ல இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. ஆரோக்கியமான இலை அப்படி வராது. பூக்கொத்தை இரு விரலால் பிளந்தால், உள்ளே நடுத்தண்டு பழுப்பாகக் கூழாகி, அதன் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற பூசணம். போட்ரைட்டிஸ் சினேரியா. தக்காளித் தண்டிலும் ஸ்ட்ராபெரியிலும் திராட்சையிலும் எத்தனையோ தடவை பார்த்த அதே பூசணம், இங்கே வெளியில் ஒன்றும் காட்டாமல் உள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது. நாலு செடியிலும் பார்த்தவுடன் கண்ணை இழுத்தது மஞ்சள் இலை, அது யாருக்கும் கேடு செய்திருக்காது. ஆபத்து அந்த ஒற்றை இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

ஐயா மூட்டுவாதத்துக்கு நோயெதிர்ப்பைக் குறைக்கிற மாத்திரை எடுக்கிறவர். இதனால்தான் நான் இந்தக் கட்டுரையை எழுதவே உட்கார்ந்தேன். அழுகத் தொடங்கிய பூவில் ஒரு பூசணத்தோடு நிற்காது, அஸ்பர்ஜில்லஸ் போன்றவையும் வந்து சேரலாம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலில் அது உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கக்கூடியது. கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்கள், தயவுசெய்து கேளுங்கள்: நெருப்பில் எரிகிறதுதானே, பூசணம் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பூசணத்தின் வித்துகள் புகையோடு உயிரோடு உள்ளே போகலாம். அழுகிய துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தைக் காயவைக்கலாம் என்பதும் இவர்களுக்குப் பொருந்தாது. அந்தச் செடியையே வெட்டிப் பையில் கட்டி எறியச் சொன்னேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பூக்கொத்தின் மேல் முதலில் பையைப் போர்த்தி, அதற்குப் பிறகுதான் வெட்டினோம், ஆட்டினால் தூள் மற்றச் செடிகளுக்குப் பறக்கும். ஐயா ஒன்றும் பேசவில்லை. நாலு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தது, அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஏன் வந்தது? ஈரப்பதம் காட்டும் மீற்றர் பேஸ்மென்ற் சுவரில் தொங்கியது, 45 வீதம் காட்டியது. கூடாரத்துக்குள் வைத்த என்னுடைய மீற்றரின் மறுநாள் காலைப் பதிவில் இரவு அதிகபட்சம் 78. விளக்கு அணைந்ததும் வெப்பம் இறங்குகிறது, அதே காற்றில் ஈரப்பதம் ஏறுகிறது, தடித்த பூக்கொத்துக்குள் காற்று புகாமல் நீர்த்துளி படிகிறது. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? பூக்கும் பருவத்தின் பிற்பாதியில் 40லிருந்து 50 வீதம் வரை வைத்திருக்க வேண்டும், பகலில் பார்த்தால் போதாது, இருட்டு நேரத்து எண்தான் முக்கியம். அவர் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை விளக்கோடு சேர்த்து ஒரே டைமரில் போட்டிருந்தார், இருட்டில் அதுவும் தூங்கிவிட்டது.

சாம்பல் நோய் என்பது இந்தப் பூ அழுகல் இல்லை, அது வேறு. இலையின் மேல் பக்கம் கோதுமை மாவைத் தூவியது போல வட்ட வட்டமாக வரும், விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். பூவுக்கு அருகில் உள்ள சின்ன இலைகளில் பளபளக்கும் பிசின் துளிகளையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். பிசின் ஒட்டும், மின்னும், மணக்கும். அறுபது மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வைத்திருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் சமீர் புஞ்சா குழுவினர் கனடாக் கஞ்சாச் செடிகளின் வேரழுகல், சாம்பல் நோய், பூ அழுகல் பற்றியெல்லாம் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நாங்கள் கூடங்களில் சந்தேகம் வந்தால் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

இதைக் கண்டதும் நம் ஆட்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "வேப்பெண்ணெய் அடிக்கலாமா?" வேப்பெண்ணெய் நம் கைமருந்து, கத்தரிக்கும் மிளகாய்க்கும் நானே அடித்திருக்கிறேன். பூ வந்த கஞ்சாவுக்கு வேண்டாம். கத்தரிக்காயைக் கழுவிச் சமைக்கிறோம், இந்தப் பூவை யாரும் கழுவுவதில்லை, காயவைத்துச் சூடாக்கி நேரே நெஞ்சுக்குள் இழுக்கிறோம். 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் கனடாவில் உரிமம் பெற்ற இடங்களின் மருத்துவக் கஞ்சாவே திரும்பப் பெறப்பட்டது, காரணம் மைக்ளோபியூட்டனில் என்ற பூசணக்கொல்லி. மற்றப் பயிர்களுக்கு அனுமதி உள்ள மருந்துதான் அது, எரியும்போது ஹைட்ரஜன் சயனைடு வாயு உண்டாகிறது. அதற்குப் பிறகு பரிசோதனை இறுகி, 2019லிருந்து உரிமம் பெற்றவர்களுக்குப் பூச்சிமருந்துச் சோதனை கட்டாயமாகிவிட்டது. உங்கள் பேஸ்மென்றுக்கு எந்தச் சோதனையும் வராது. நீங்கள் அடித்தது நீங்களே இழுப்பது.

சிலந்திப் பேனுக்கும் இதே பதில். இலையின் மேல் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அடிப்பக்கத்தைப் புரட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டால் அவற்றைத் தின்னும் இரைபிடிப் பேன்களை விடலாம், கூடங்களில் நாங்கள் செய்வதும் அதுதான். பூவின் மேல் வலை கட்டிவிட்டால் காலம் கடந்துவிட்டது. அப்புறம், செடி காரணமில்லாமல் சோர்ந்து, மீற்றர்கள் எல்லாம் சரியாக இருந்தால் தொட்டியிலிருந்து வேரை உருவிப் பாருங்கள். நெல்லின் வேரைத் தாக்கும் அதே வேர் அசுவினி இங்கே கஞ்சாவின் வேரில் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நறுக்குத் துண்டு வாங்கி வளர்க்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒரே தாய்ச்செடியிலிருந்து வந்தவை மட்டும் குட்டையாக, கிளை தொட்டால் ஒடிகிறதாக, பூ சிறுத்து மணமும் பிசினும் குறைந்து நின்றால் உரத்தைக் குறை சொல்லாதீர்கள். ஹாப் லேட்டன்ட் வைராய்டாக இருக்கலாம். வைரஸை விடச் சிறிய நோய்க்கிருமி அது, 256 மரபு எழுத்துகள் மட்டுமே நீளமுள்ள ஒரு ஆர்என்ஏ வளையம், கலிஃபோர்னியாவில் கஞ்சாச் செடிகளில் அதைக் கண்டுபிடித்து 2019இல் அறிவித்தார்கள். மருந்து கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்தரியாலேயே அடுத்ததை வெட்டும்போது பரவுகிறது, ஆகவே ஒவ்வொரு செடிக்கும் நடுவில் பத்துக்கு ஒன்று கலந்த பிளீச் தண்ணீரில் கத்தரியை முக்கி எடுங்கள். ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால் வேரிலிருந்து எடுத்து அனுப்புங்கள், இலையில் சில சமயம் அகப்படாது.

ஐயாவின் மிச்ச மூன்று செடிகளையும் ஒன்பதாவது வாரம் அறுத்தோம். ஒவ்வொரு பூக்கொத்தையும் பிளந்து பார்த்துத்தான் காயவைத்தோம், சந்தேகமாக இருந்த இரண்டும் குப்பைக்குப் போயின. காய்ந்த பூவைத் தொடும் முன் தன் மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன், கேட்டார், எண்ணெயாக வாங்கி எடுப்பதே பாதுகாப்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்போது அடுத்த நடவு ஓடுகிறது, மனைவியின் மூட்டுக்குப் பூசுகிற தைலத்துக்காம். மீற்றர் கூடாரத்துக்குள் பூக்களின் உயரத்தில் தொங்குகிறது, ஈர இயந்திரத்துக்குத் தனி டைமர். போன ஞாயிறு காலை அவர் வாசித்துச் சொன்ன இரவு எண் 49.