சிம்ம கதியும் முழங்கால் வலியும்: திருவிழாவை மேடையேற்றும் குழுக்களுக்கு

திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசியை மேடைக்குக் கொண்டுவரும் பரதநாட்டியக் கலைஞர்கள் சிலருக்குச் சிகிச்சை அளித்து வருகிறேன். அவர்களுடைய ஒத்திகைகளுக்கும் போய் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த கருப்பொருள் அது. உற்சவரான நம்பெருமாள் சிங்க நடையான சிம்ம கதியில் புறப்படுவதும், திரும்பும்போது பாம்பு நடையான சர்ப்ப கதியில் நெளிந்து உள்ளே போவதும் பார்க்கும்போதே நடனம்தான். ஆனால் அந்த நடையை மேடையில் ஆடும் உடம்புகள் படும் பாட்டைப் பற்றிப் பேச யாரும் முன்வருவதில்லை.

கோயிலில் அந்த நடை எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள் பலர் சேர்ந்து தோள் கொடுக்கிறார்கள், ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். வழியில் மண்டபங்களில் பெருமாள் எழுந்தருளும்போது அவர்களுக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. ஏகாதசிக்கு முந்தைய பத்து நாளான பகல் பத்துக்கு அர்ச்சுன மண்டபம், ஏகாதசி முதல் பத்து நாளான இராப் பத்துக்குத் திருமாமணி மண்டபம் என்று நாட்கணக்கில் விரிந்து கிடக்கும் விழா அது. நாம் அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருக்குகிறோம். பலர் பகிர்ந்த பாரத்தை எட்டுப் பத்துப் பேர் மீது ஏற்றுகிறோம், அதுவும் முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியில். அதே குழு அடுத்த காட்சியில் ஆழ்வார்களாகவும் பாசுரம் பாடிவரும் கோஷ்டியாகவும் ஓடி வரவேண்டும்.

அரைமண்டியிலேயே பாதிப் பிரச்சினை தொடங்குகிறது. கால் வெளியே திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு அனுமதிக்காத அளவுக்குப் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் வாங்கிக்கொள்ளும். கண்ணாடி முன் அரைமண்டியில் நின்று பாருங்கள்: முழங்கால், பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கிறதா? உள்பக்கம் சரிந்தால் பாதத்தைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். அழகு குறைந்துவிடாது. பல்லக்கை மரத்தில் செய்து தூக்கும் தயாரிப்புகளில் கூடுதல் கவனம் வேண்டும். எப்போதும் வலது தோளிலேயே தூக்குபவருக்குக் கழுத்தும் இடுப்பும் ஒரு பக்கமாகவே இறுகும். காட்சி அமைக்கும்போதே தோள் மாற்றத்தையும் சேர்த்து அமையுங்கள்.

அடுத்தது தரை. சிமெண்ட் மீது ஒட்டிய டைல்ஸில் வெறுங்காலால் மணிக்கணக்கில் பாதத்தால் தட்டும் தட்டடவும், குதித்து ஆடும் குதித்துமெட்டடவும் போடுகிறோம். அதன் மேல் ஜமுக்காளம் விரிப்பதால் பயன் மிகக் குறைவு. அடியில் இடைவெளி விட்டு அமைத்த மரத்தரை கிடைக்காத குழு, குதிக்கும் பகுதிகளை முழு வேகத்தில் திரும்பத் திரும்பப் போடாமல் கையால் மட்டும் காட்டிப் பார்த்துக்கொள்வதே மேல்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்தால் இதைக் கவனியுங்கள். நீளவாக்கில் பரவலாக வலித்து, ஓய்வெடுத்தால் அடங்கினால் அது பெரும்பாலும் அதிக உழைப்பின் அறிகுறி. ஆட்டத்தைக் குறைத்தால் சரியாகும். ஒரே ஒரு இடத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி வலித்தால், இரவில் படுத்தாலும் வலித்தால், அன்றே ஆடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் எனப்படும் மெல்லிய விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மறுநாளே சலங்கை கட்டி ஆடி, விரிசலைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் தாங்கவில்லை.

மாதவிடாய் தள்ளிப்போகிறது, நின்றுவிட்டது என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். ஆடும் அளவுக்குச் சாப்பிடாத உடம்பில் எலும்பும் வலுவிழக்கும். ஏகாதசிக் காட்சி என்பதற்காக ஒத்திகை நாளில் பட்டினி கிடக்கும் பெண்களிடம் நான் கண்டிப்பாகவே பேசுவேன்.

நடனம் அமைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. கோயில் மண்டபங்களைப் போல மூச்சு வாங்கும் இடங்களை உங்கள் நிகழ்ச்சியிலும் வையுங்கள். அரையர்கள் பாசுரத்தைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவையைக் காட்டும் இடத்தில் பாசுரமும் தாளமும் மட்டும் ஒலிக்க, ஒருவர் அபிநயம் பிடிக்கட்டும். மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். பார்ப்பவர்களுக்கும் அது நிறைவாக இருக்கும். முழு நிகழ்ச்சியையும் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகைகளைக் கடைசி வாரத்தில் குவிக்காமல் முன்கூட்டியே பரப்பி வையுங்கள்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாற்று ஆள் ஒருவரை முதல் ஒத்திகையிலிருந்தே தயார் செய்யுங்கள். "எனக்குப் பதில் ஆடுவதற்கு ஆளே இல்லை, டாக்டர்" என்பதுதான் வலியை மறைத்தவர்கள் என்னிடம் சொல்லும் முதல் காரணம்.