ஜப்பானிய மொழியும் அரை மாத்திரையும்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் மாலை நேர ஜப்பானிய வகுப்பு. மூன்றாவது வாரம். ‘வாருங்கள்’ என்பதை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார் ஆசிரியை. நோட்டைப் பார்த்து ‘கித்தெ குதசாய்’ என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் சொன்னதற்கு ‘வெட்டுங்கள்’ என்று அர்த்தமாம். சினிமாக்காரர்கள் எங்கள் ஊருக்கு வைத்திருக்கும் பெயருக்கு இது ஒன்றுதான் பாக்கி.

தப்பு நாக்கில் இல்லை, நோட்டில். எல்லாரையும் போல நானும் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன்.

‘கடல்’, ‘பகல்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே ‘க’தான், ஒலி வேறு. சொல்லின் முதலில் அது வன்மையாக இருக்கிறது. இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்டால் குரல்வளையும் சேர்ந்து அதிர, மெலிந்துவிடுகிறது. நடுவிலும் வன்மை வேண்டுமென்றால் ‘பக்கம்’ என்று இரட்டிக்க வேண்டும். இடத்தை வைத்தே ஒலி தெரிந்துவிடுவதால் நமக்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை.

ஜப்பானிய மொழியில் இந்த ஏற்பாடு கிடையாது. வல்லொலி சொல்லின் நடுவிலும் இரட்டிக்காமல் வன்மையாகவே நிற்கும். கடலில் வரும் ‘க’வை அப்படியே நடுவிலும் போட்டு ‘ககி’ என்றால் ஒரு பழம். நம் ஊரில் சீமைப் பனிச்சை என்பார்கள். பகலில் வரும் ‘க’வைப் போட்டால் சாவி. இரட்டித்துக் ‘கக்கி’ என்றால் கலகலப்பு. தமிழில் ‘ககி’ என்று எழுதினால் சாவியாகத்தான் வாசிப்போம். பழத்தை எழுத வழியே இல்லை.

என் கதையும் அதுதான். ‘வா’ என்பதற்கான சொல்லில் ‘த’ ஒற்றை, ஆனால் வன்மை. ‘கிதெ’ என்று எழுதினால் ‘அது’வில் வருவது போல மெலிகிறதே என்று கை தானாக ஓர் ஒற்றைச் சேர்த்துவிட்டது. அந்த ஒற்று அங்கே ‘வா’வை ‘வெட்டு’ ஆக்கிவிடும்.

ஏன் அவ்வளவு பெரிய வித்தியாசம்? இங்கேதான் மாத்திரைக் கணக்கு வருகிறது. நம் இலக்கணத்தில் குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. ஜப்பானியர்களும் இப்படித்தான் பேச்சை அளக்கிறார்கள், குறிலும் நெடிலும்கூட அதே அளவு. அதனால் ‘ஒபசன்’ என்றால் அத்தை அல்லது சித்தி, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி என்பதில் நமக்குக் குழப்பமே வராது. ஆனால் அங்கே ஒற்றுக்கு அரை மாத்திரை இல்லை, முழுசாக ஒன்று. ‘நிப்பொன்’ என்று தங்கள் நாட்டின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் நான்கு தட்டுத் தட்டுவார்கள்: நி, ப், பொ, ன். நம் கணக்கில் அது மூன்றுதான். 5-7-5 என்று ஹைக்கூவை எண்ணுவதும் இந்தத் தட்டுகளைத்தான். ‘த்’துக்காக வாய் எவ்வளவு நேரம் அடைபட்டிருக்கிறது என்பதைப் பிடித்துத்தான் வந்தது ‘வா’வா, ‘வெட்டு’வா என்று ஜப்பானியக் காது முடிவு செய்கிறது.

சரி, இலக்கணம் எப்படி? அது நமக்குப் பந்தியில் உட்கார்ந்ததும் இலை விழுகிற மாதிரி. ‘கினோ ஜங்ஷன் தெ கத்த ஹொன்’ என்றால் ‘நேற்று ஜங்ஷனில் வாங்கிய புத்தகம்’. வேறு வழியில்லாமல் மறுபடி தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள். சொல்லுக்குச் சொல் அதே வரிசை, ‘இல்’ உருபுகூடப் பெயருக்குப் பின்னால்தான். ‘கத்தெ மிரு’ என்பது ‘வாங்கிப் பார்’, ‘கத்தெ ஒகு’ என்பது ‘வாங்கி வை’. தனியாக வந்தால் ‘மிரு’வுக்குப் பார்ப்பது, ‘ஒகு’வுக்கு வைப்பது என்றே பொருள். ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கு இதை விளக்கத் தனிப் பாடம் வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

‘இரு’ என்றே ஒரு வினைச்சொல்லும் உண்டு, பொருளும் அதேதான். ஆனால் நடமாடும் உயிர்களுக்கு மட்டும். தெருநாய்க்கு ‘இரு’, தாமிரபரணிக் கரையில் நிற்கும் மருதமரத்துக்கு ‘அரு’. திணைக் கோட்டை அவர்கள் வேறு இடத்தில் கிழித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு இரண்டு மொழிகளும் உறவு என்று கிளம்பிவிட வேண்டாம். மொழியறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் அப்படித்தான் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வினையைக் கடைசியில் வைத்து உருபுகளை ஒட்டிக்கொண்டே போவது துருக்கியிலும் கொரியனிலும்கூட உண்டு.

நிஜமான தொடர்பு ஒன்று நெடுங்கணக்கில் இருக்கிறது. ஜப்பானிய எழுத்து வரிசை அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகும். அந்த ‘ஹ’ முற்காலத்தில் ‘ப’. பௌத்தத் துறவிகள் படித்த இந்திய எழுத்துமுறையிலிருந்து போன வரிசை இது. இதனால் அகராதி புரட்ட எனக்கு இரண்டாம் நாளே பழகிவிட்டது.

ஜப்பானிய எழுத்துமுறைகளில் ஒன்றான ஹிரகானாவில் அடிப்படை எழுத்து 46. ‘க’வின் தலையில் இரண்டு சின்னக் கோடு போட்டால் பகலில் வரும் ‘க’. ஒற்று வேண்டுமென்றால் முன்னால் ஒரு குட்டி ‘ட்சு’. தமிழில் எழுதும்போது என்னைக் குழப்பிய இரண்டும் அங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. இப்போது என் நோட்டில் உச்சரிப்புப் பக்கம் முழுக்க ஹிரகானாதான். பொருளை மட்டும் தமிழில் எழுதுகிறேன். வீட்டுக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி விரலால் மூன்று தட்டு, இரண்டு தட்டு. மூன்று என்றால் வெட்டு, இரண்டு என்றால் வா.