கொள்கலனுக்குள் பெய்யும் மழையும் சி.ஐ.எஃப். ஒப்பந்தமும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தூத்துக்குடியிலிருந்து மல்லி இறக்கினோம். சி.ஐ.எஃப். பினாங்கு என்று ஒப்பந்தம். மேலடுக்கு மூட்டைகள் நனைந்து பூஞ்சை பிடித்து வந்தன. கப்பல் கட்டணமும் காப்புறுதியும் விற்றவர் கட்டியவைதானே, நட்டமும் அவருடையதுதானே?”

இல்லை ஐயா. சி.ஐ.எஃப். என்றால் சரக்கு விலை, காப்புறுதி, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த விலை. அதில் பினாங்கு வரைக்குமான செலவு அடக்கம், வழியில் சரக்கு கெடும் ஆபத்து அடக்கமில்லை. சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறியதுமே ஆபத்து உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. அனைத்துலக வர்த்தகச் சபை 1936 முதல் வெளியிட்டுவரும், விற்பவர் வாங்குபவர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் இன்கோடெர்ம்ஸ் விதிகளின் 2020 பதிப்பும் இதைத்தான் சொல்கிறது.

சரி, கொள்கலனில் ஓட்டையே இல்லாதபோது தண்ணீர் எங்கிருந்து வந்தது? மல்லியிலிருந்தேதான்!

நன்றாகக் காய்ந்த மல்லியிலும் 8 விழுக்காடு ஈரம் இருக்கும். 10 டன் ஏற்றினால் உள்ளே 800 லிட்டர் தண்ணீர். 20 அடிக் கொள்கலனின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும், 20 பாகையில் 17 கிராம்தான். பகல் வெயிலில் கூரை சுட, மேல் மூட்டைகள் ஆவி விடுகின்றன. இரவில் இரும்புக் கூரை வேகமாகக் குளிர்கிறது. தாங்க முடியாத ஆவி, சோற்றுப் பானை மூடியில் போல, கூரையின் அடியில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டுகிறது. ஆவி குறைந்த காற்று மறுநாள் மூட்டைகளிலிருந்து மீண்டும் இழுக்கிறது. ஒவ்வோர் இரவும் இதே மழை. இதில் என்னை வியக்கவைப்பது, கொள்கலனில் மொத்தத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை என்பதுதான். பரவலாக இருந்தவரை தீங்கு செய்யாத ஈரம் ஓரிடத்தில் சேர்ந்ததால்தான் பூஞ்சை வளர்ந்தது.

சி.ஐ.எஃப். விற்பனையாளர் எடுக்க வேண்டிய காப்புறுதி குறைந்தபட்சமான ‘சி’ வகை மட்டுமே. தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்றவற்றுக்குத்தான் அது ஈடு தரும். இந்த மழைக்குத் தராது. கட்டணமும் காப்புறுதியும் விற்பவரே கட்டும் இன்னொரு விதியான சி.ஐ.பி.யில் விரிவான ‘ஏ’ வகை கட்டாயம், கொள்கலன் சரக்குக்குப் பொருத்தமான விதியும் அதுவே. ஆனால் ‘ஏ’ வகையும் சரக்கின் இயல்பான குறையை, அதாவது சரக்கின் சொந்தத் தன்மையால் வரும் சேதத்தை, ஏற்காது. பயணத்தின் ஆபத்தையும் விற்பவரே சுமக்க வேண்டுமென்றால் டி.ஏ.பி. (சேருமிடத்தில் ஒப்படைப்பு) பட்டர்வொர்த் என்று, பினாங்கின் கொள்கலன் துறைமுகத்தைக் குறித்து எழுதுங்கள். விலை ஏறும், ஏறட்டும்.

எந்த விதியானாலும் ஈரத்தின் உச்ச அளவை ஒப்பந்தத்தில் சேருங்கள். ஏற்றும்போதே மல்லி அதை மீறியிருந்தால் அது விற்றவரின் ஒப்பந்த மீறல், ஆபத்து யாரிடம் என்பது அங்கே தடையில்லை. அதற்குச் சான்று வேண்டும். ராகு காலம் பார்த்துக் கொள்கலனை மூடும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்த அக்கறை ஈரமானிமீது திரும்ப வேண்டும் என்பதே என் ஆசை. மூடும் முன் மூன்றாம் தரப்பு ஆய்வாளர் பல மூட்டைகளில் அளந்து கையொப்பமிடட்டும், கூரையோரம் கால்சியம் குளோரைடு பைகளையும் தொங்கவிடச் சொல்லுங்கள்.