கருப்பாக ஓடி வெள்ளையாக வெளுக்கும் லாவா

"கருப்பு ஆயில் மாதிரி ஓடும் எரிமலைக் குழம்பு என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, ஏஐ வேலைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த வீடியோவுக்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. ஆனால் அப்படி ஓடும் லாவா நிஜம். இன்றைக்கு அதைக் கக்கும் எரிமலை உலகில் ஒன்றே ஒன்றுதான்: வட தான்சானியாவில், நேட்ரான் ஏரிக்குத் தெற்கே, 2,962 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஓல் டோய்ன்யோ லெங்காய்.

நிலத்தட்டுகள் விலகுவது, பிளவுப் பள்ளத்தாக்கு எல்லாம் பள்ளிப் பாடம். நேரே குழம்புக்கு வருவோம்.

சாதாரண லாவா சிலிக்கேட்டால் ஆனது. ஒரு சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். அந்த ஆக்சிஜனைப் பக்கத்துச் சிலிக்கானும் பங்குபோட்டுக்கொள்ள, சங்கிலி சங்கிலியாக நீண்டு, கடைசியில் இடியாப்பச் சிக்கல். அதனால்தான் 1,100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டிலும் அது கெட்டியாக நகர்கிறது. லெங்காயின் குழம்பில் சிலிக்கா அநேகமாக இல்லை. சோடியம், கால்சியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள்தான். கார்பனேட் அயனி மூன்று ஆக்சிஜன் கொண்ட தட்டையான முக்கோணம். அடுத்த அயனியோடு சேர்ந்து அது சங்கிலி கட்டாது. பிடித்து நிறுத்த ஆளில்லாததால் குழம்பு கிட்டத்தட்ட தண்ணீராகவே ஓடுகிறது. போதாததற்கு, பல உப்புகள் கலந்தால் உருகுநிலை சரியும். ஆகவே இதன் சூடு வெறும் 500 முதல் 600 டிகிரி. அந்தச் சூட்டின் மங்கிய சிவப்பு இரவில்தான் கண்ணுக்குத் தெரியும்; பகலில் பார்த்தால் கன்னங்கரேல்.

உறைந்த பிறகுதான் வேடிக்கையே. இதிலுள்ள நயரரைட், கிரெகோரியைட் என்ற கனிமங்களுக்கு ஈரம் ஆகாது. (முன்னது தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நயரேரேயின் பெயர். தலைவர் பெயரைச் சூட்ட இதைவிட நிலையான கனிமம் கிடைக்கவில்லையா!) காற்றின் ஈரம் பட்டதும் முதலில் விரிசல் ஓரங்களில் வெள்ளைக் கோடுகள் பூக்கும். சில மணி நேரங்களிலிருந்து சில நாட்களுக்குள் பாறை முழுக்க வெளுத்து, பொடியாக உதிரும். அந்த வெள்ளைப் பொடியில் நம் சமையலறை ஆப்ப சோடாவும் உண்டு. அதே சோடியம் பைகார்பனேட்.

சுண்ணாம்புக்கல் மாதிரியான கார்பனேட் பாறை குழம்பாக வரும் என்பதையே ஒருகாலத்தில் பல புவியியலாளர்கள் ஏற்கவில்லை. 1960-ல் டாசன் என்ற புவியியலாளர் இந்த எரிமலை வாய்க்கே போய்ப் பார்த்த பிறகுதான் வாதம் அடங்கியது. "இதனால் என்ன லாபம்?" என்று கேட்கும் நிதிக் குழு அவரை அனுப்பியிருக்குமா, சந்தேகம்தான். இன்று அரிமண் தனிமங்களுக்கு (ரேர் எர்த்) உலகம் தோண்டுவது பெரும்பாலும் கார்பனடைட் பாறைகளையே, அதாவது இப்படிப்பட்ட கார்பனேட் குழம்பு உறைந்த பாறைகளையே. அமெரிக்காவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் ஓர் உதாரணம்.

மாசாய் மக்களுக்கு இது கடவுள் எங்காய் குடியிருக்கும் மலை. மழை வேண்டியும் பிள்ளை வரம் வேண்டியும் வருகிறார்கள். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. எரிச்சலூட்டுவது, "தொட்டால் கல்லாக்கும் ஏரி" என்று நேட்ரானைப் பற்றி இணையத்தில் உலவும் கதை. வெளியேறும் வழியில்லாத ஏரி அது. எரிமலைப் பாறைகளிலிருந்து கரைந்து வரும் சோடியம் அங்கேயே தங்கி, வெயிலில் செறிகிறது. அதில் செத்து விழும் பறவையின் மேல் சோடா படிந்து உடல் அழுகாமல் காய்கிறது, அவ்வளவே. தோலை அரிக்கும் அந்தக் காரநீர்தான் நரிகளையும் கழுதைப்புலிகளையும் தள்ளி வைக்கிறது. அந்தத் தைரியத்தில், உலகின் சிறு பூநாரைகளில் பெரும்பகுதி, ஏரி நடுவே உப்புப் பாளங்களின் மேல் சேற்றைக் குவித்துக் கூடு கட்டி, கூட்டுக்கு ஒரு முட்டை இட்டுக் குஞ்சு பொரிப்பது இங்கேதான்.